குமாரசாமியின் பாயின்ட் ஒன் ஓம்

குமாரசாமி வீட்டு கராஜுக்குள் நுழைந்தால் முதலில் வருவது அந்த நாற்றம்தான். மாம்பழக் கூழ் டின்னைத் திறந்து, டெக்சாஸ் வெயிலில் காருக்குள் மறந்துவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. வேலை மேஜையின் விளிம்பைத் தொட்டால் விரல் பிசுக்கென்று ஒட்டும். நான் அங்கே போனால் கைகளை பாக்கெட்டை விட்டு எடுக்க மாட்டேன்.

ஃபிரிஸ்கோவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அவர் வீடு. சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம். பிளேனோவில் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் வேலை. நல்ல மனிதர் என்றுதான் தெருவில் சொல்வார்கள். அனுமார் கோவில் அன்னதானத்தில் அண்டா கழுவுவார். யார் வீட்டு கராஜ் கதவு பாதியில் நின்றாலும் ஏணியோடு வந்துவிடுவார். சிகரெட் மட்டும் விடவில்லை. மகள் கயலுக்கு மூச்சிரைப்பு வந்து, டாக்டர் ஆஸ்துமா என்று சொன்ன வாரமே, மனைவி வசந்தாமணி அவரைக் கோவிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். இனிமேல் புகையே இல்லை என்று சன்னதியில் நிற்க வைத்துச் சொல்லச் சொன்னார். குமாரசாமியும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றிய விதம்தான் எனக்குக் குமட்டுகிறது. சிகரெட் போயிற்று, மாம்பழ வாசனை போட்ட நிகோடின் திரவத்தை ஆவியாக்கி இழுக்கும், உள்ளங்கையில் அடங்கும் ஒரு வேப் பெட்டி வந்தது.

"இது புகை இல்லீங்ணா, ஆவி. இட்லிச் சட்டில வர்ற மாதிரி."

"இட்லிச் சட்டில நிகோடின் இருக்கா?"

"நீங்க ஒருத்தரு. கோர்ட்டுல கேக்கற மாதிரி கேக்கறீங்க."

"வீட்ல சொல்லிட்டீங்களா?"

"ஆபீஸ் டெஸ்ட் பாக்ஸுன்னு சொல்லியிருக்கறனுங்க. பாதி நிசந்தானுங்களே, டெஸ்ட்டும் பண்றேன்."

டெஸ்ட் பண்ணினார் என்பது உண்மை. அந்தப் பெட்டிக்குள் தெர்மாமீட்டர் கிடையாது. திரவத்தைச் சூடாக்கும் நிக்கல் கம்பிச் சுருள் சூடேறச் சூடேற அதன் மின்தடை கூடும். அந்த ஏற்றத்தைப் பார்த்துத்தான் பெட்டி சூட்டைக் கணக்குப் போடுகிறது. சூடு எல்லையைத் தொட்டால் கரன்ட்டைக் குறைத்துவிடும். இல்லையென்றால் கம்பிச் சுருளுக்குள் திணித்த பஞ்சு கருகி, அந்தக் கரிப்புகை நெஞ்சுக்குள் போகும். ஆகவே சுருள் குளிர்ந்திருக்கும்போது எடுக்கும் முதல் அளவு சரியாக இருக்க வேண்டும். அவருடைய சுருளுக்கு அது பாயின்ட் ஒன் ஓம். சாதாரண மீட்டரில் அளந்தால் மீட்டரின் ஒயருக்கே அதைவிட அதிகத் தடை. மூக்குத்தியைச் சாக்குப்பையோடு சேர்த்து நிறுப்பது போல.

அதனால் அவர் நாலு கம்பி வைத்து அளப்பார். இரண்டு கம்பி வழியாக ஒரு ஆம்பியர் அனுப்புவார்; வேறு இரண்டு கம்பிகளைச் சுருளின் கால்களிலேயே ஊன்றி வோல்ட் பார்ப்பார். அப்போதுதான் ஒயரின் தடை கணக்கில் சேராது. சுருள் ஆறும்வரை மூச்சைக்கூட அந்தப் பக்கம் விடமாட்டார். அளந்து முடித்துப் பெட்டியில் மாட்டி, பெட்டி காட்டும் எண்ணும் அதுவே என்றால்தான் வாயில் வைப்பார்.

"கருகுன பஞ்சு நுரையீரலுக்கு ரொம்பக் கெடுதலுங்ணா. அதுல நான் கண்டிப்பா இருக்கறனுங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் கயலின் படுக்கையறை. அவள் இன்ஹேலரின் நீல மூடி பலமுறை இதே மேஜையில் கிடந்து பார்த்திருக்கிறேன்.

ஆயுத பூஜையை இரண்டு குடும்பமும் சேர்ந்து அவர்கள் வீட்டில் செய்வது வழக்கம். லேப்டாப், கார் சாவி, பிள்ளைகளின் புத்தகம், என் மனைவியின் தையல் மெஷின் எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் போய்விடும். மறுநாள் காலைப் பூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. இந்த வருடம் குமாரசாமி ஆபீஸிலிருந்து வரத் தாமதமாயிற்று. மேஜையில் இருந்ததையெல்லாம் வசந்தாமணியே வாரிக்கொண்டு வந்து அடுக்கிவிட்டார். மீட்டர், சால்டரிங் அயர்ன், கூடவே அந்தப் பெட்டி. சுருள் மாட்டிய மேல்பாகத்தைக் குமாரசாமி கழுவுவதற்காகக் கழற்றி வைத்திருந்ததால் பெட்டியின் தலையில் வட்டமாக ஒரு குழி, அதன் நடுவில் பித்தளை ஊசி. வசந்தாமணி குழி நிறையச் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்திருந்தார்.

"தோதா ஒரு குழி இருந்துச்சுங்க்கா, பொட்டு வெக்கறதுக்குன்னே பண்ணுன மாதிரி," என்று என் மனைவியிடம் சொன்னார்.

குமாரசாமி உள்ளே வந்தபோது அதற்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் போன போக்கை நான் மட்டும்தான் பார்த்தேன். சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு காலை ஆட்டியபடியே அன்று மாலை முழுக்க உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் வியாழக்கிழமை. காலையிலேயே லேப்டாப்பை வாங்கப் போனேன். லாகின் பண்ணாமல் இருந்தால் மேனேஜர் என்ன நினைப்பானோ என்று எனக்குப் படபடப்பு. மறுபூஜை முடிந்து கற்பூரம் அணைந்ததுமே குமாரசாமி பெட்டியை எடுத்துக்கொண்டார்.

"வாங்ணா, ஒரு நிமிசம்."

கராஜில் டிஷ்யூவால் சந்தனத்தைத் துடைத்தார். காய்ந்து போயிருந்தது, மேலே இருந்தது மட்டும் வந்தது. சுருள் மாட்டிய மேல்பாகத்தைத் திருகினார். திரையில் பாயின்ட் ஒன் சிக்ஸ்.

"நேத்துக் காத்தால பாயின்ட் ஒன்னு இருந்துச்சே."

"அளந்து பாத்துடுங்களேன்."

"மீட்டர் சாமி ரூம்ல இருக்குதுங்க. இப்பப் போனா வசந்தாமணி என்ன ஏதுன்னு கேப்பா."

புதுச் சுருளா என்று பெட்டி கேட்டது. ஆமாம் என்று அமுக்கினார். அதன்பின் பெட்டி அந்தத் தப்பான எண்ணை அடியாக வைத்துக்கொண்டு சூட்டைக் கணக்குப் போட்டது. ஒரு நாள் பசி அவருக்கு. நெஞ்சு நிறைய இழுத்தார், உடனே இன்னொரு இழுப்பு. அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு கயல் நின்றாள், பள்ளிக்கூடப் பையோடு.

எரிந்த முடியின் நாற்றமும் கருகிய மாம்பழமும் கலந்த ஏதோ ஒன்று கராஜை அடைத்தது. குமாரசாமி இருமிக்கொண்டே குப்பைத்தொட்டிக்குள் பழுப்பாகத் துப்பினார். கயல் இருமவில்லை. வாயைத் திறந்து காற்றைத் தேடினாள். நெஞ்சுக்குள் விசில் சத்தம். கராஜ் கதவின் பொத்தானை அமுக்கி, அவளை வாசலுக்கு இழுத்து வந்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட போனில் 911-ஐ அழுத்தப் போனேன். அதற்குள் வசந்தாமணி இன்ஹேலரோடு ஓடி வந்துவிட்டார்.

"மெதுவா கண்ணு, மெதுவா. இழு. வெச்சிரு. இப்ப விடு."

நாலைந்து முறைக்குப் பிறகு அவள் உதட்டுக்கு நிறம் வந்தது. டிரைவ்வேயில் உட்கார்ந்து அம்மாவின் தோளில் சாய்ந்தாள்.

"என்னுங்க அது?" என்று கணவரைக் கேட்டார் வசந்தாமணி.

"ஆபீஸ் பாக்ஸு ஷார்ட் ஆயிருச்சு மணி."

"இட்ஸ் எ வேப், அம்மா," என்றாள் கயல், கண்ணைத் திறக்காமலே. "ஸ்கூல் அசெம்ப்ளில காட்டினாங்க. எவ்ரிபடி நோஸ்."

 வசந்தாமணி, முந்தின நாள் அதற்குச் சந்தனம் அப்பிய தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"எத்தன நாளா?"

"சிகரெட்டு விட்டதுல இருந்துதான்."

"அப்ப விடவே இல்ல."

"அப்படி இல்ல மணி, இது வேற. சூடு கன்ட்ரோல்ல இருந்தா ஒண்ணும் ஆகாது. எல்லாம் அளந்துதான்..."

"அளந்தீங்களா? இவ நெஞ்சுக்குள்ள எவ்வளவு போச்சுன்னு அளந்தீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார், நான் ஏதோ சொல்வேன் என்று. நான் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினேன். இரண்டு தரம். அந்த வாடை சட்டையில் இருந்தது.

அந்த வார இறுதியிலேயே வசந்தாமணி கயலை அழைத்துக்கொண்டு வேறு மாநிலத்தில், சான் ரமோனில் இருக்கும் தன் தம்பி இளமாறன் வீட்டுக்குப் போய்விட்டார். தீபாவளிக்கும் வரவில்லை. தெருவில் யாராவது கேட்டால் "லீவுக்குப் போயிருக்காங்க" என்கிறார் குமாரசாமி, பள்ளிக்கூடம் நடக்கிற மாதத்தில்.

போன சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டார். மேஜையில் புதிதாக ஒரு மில்லிஓம் மீட்டர். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துப் பித்தளை ஊசியைத் துடைத்துக்கொண்டே விளக்கினார்.

"சந்தனந்தானுங்ணா காரணம். கான்டாக்ட்ல ஒட்டிக்கிச்சு. ஊசியோட தடையும் சேந்து, பெட்டி சுருள்னு நெனச்சுக்கிச்சு. இருக்கறதைவிட அடி எண்ணு ஜாஸ்தி, அதனால சூடும் ஜாஸ்தி. இப்பப் பாருங்க, பாயின்ட் ஒன். சுத்தமா இருக்குது."

"கயலுக்கு எப்படி இருக்கு?"

"நல்லாருக்கறாளாம். நீங்க மணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்ணா. நான் சொன்னா போனை வெச்சுடறா. அவ பொட்டு வெச்சதாலதான் ரீடிங் போச்சு, மத்தபடி இதுல ஒண்ணும் இல்லைன்னு, டெக்னிக்கலா எடுத்துச் சொல்லுங்க. உங்க பேச்சுக்கு மரியாதை குடுப்பா."

அவர் கேலி பேசவில்லை. முழு நம்பிக்கையோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். உதட்டோரத்தில் அந்த இனிப்புத் திரவம் மினுமினுத்தது.

"நான் சொல்ல மாட்டேன், குமாரசாமி," என்றேன்.

"ஏனுங்ணா, சயின்ஸ் தப்புங்களா?"

கைகளை பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அன்று மாலை வசந்தாமணியே என் மனைவிக்கு போன் பண்ணினார். கயலை சான் ரமோனில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்றாம். போன வாரம் முழுக்க இன்ஹேலரையே எடுக்கவில்லையாம். அவள் குளிர்கால உடுப்புகளை மட்டும் அந்த வீட்டிலிருந்து எடுத்துப் பார்சலில் அனுப்ப முடியுமா என்று கேட்டார். அனுப்புவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரு தரம் துவைத்துவிடுங்கள் என்றும் சொன்னார்.