தேய்க்காமல் விட்ட முதுகு

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் பக்கவாதக்காரர்களுக்கு ஒரு வார்டு உண்டு. அங்கே யாரையாவது கொண்டுவந்து படுக்கவைத்தால், டாக்டர் யார் என்று வீட்டார் கேட்க மாட்டார்கள். வெலிகா டியூட்டியில் இருக்கிறாளா என்றுதான் கேட்பார்கள். அப்படியொரு கைராசி அவளுக்கு. டாக்டர்களுக்கு இதில் கொஞ்சம் பொச்சரிப்புகூட உண்டு.

வெலிகா அக்கா தன்யூப் ஆற்றங்கரைக் கிராமத்துக்காரி. பத்தொன்பது வயதில் நர்ஸாகச் சேர்ந்தவள். புருஷன் சீக்கிரமே போய்விட்டான், பிள்ளை இல்லை, இருபத்தாறு வருஷம் அந்த வார்டுதான் வீடு. படுத்தே கிடப்பவர்களுக்கு நோயைவிட மெத்தைதான் பெரிய எதிரி. இடுப்பெலும்பும் குதிகாலும் அழுந்துகிற இடம் முதலில் சிவக்கும், பிறகு கறுக்கும், பிறகு குழி விழும். அந்தச் சிவப்பைக் கண்டால் அவள் விடமாட்டாள். கற்பூர ஸ்பிரிட்டை உள்ளங்கையில் ஊற்றிச் சூடு பறக்கத் தேய்ப்பாள். ரத்தம் ஓடினால் புண் வராது என்பாள். பிறகு இடுப்புக்கு அடியில் காற்று ஊதிய ரப்பர் வளையம். இதெல்லாம் அவளாகக் கண்டுபிடித்ததில்லை. நர்ஸ் பள்ளியில் எங்கள் எல்லோருக்கும் இதுதான் பாடம். அவளைவிடப் பன்னிரண்டு வருஷம் இளையவளான எனக்கும் இதே பாடம்தான்.

தொண்ணூறுகளில் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. ஸ்பிரிட் கிடைக்காத நாட்களில் நோயாளிகள் வீட்டில் வடித்த ரக்கியாச் சாராயத்தைக் கேட்டு வாங்கித் தேய்த்தாள். ஆண்கள் அறையில் இல்கோ என்று ஒரு பழைய படகுக்காரன் கிடந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது, வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை. "வாயில ஊத்த வேண்டியத முதுகுல ஊத்துறியேம்மா, உனக்கே பாவமாயில்ல?" என்பான். ஒரு நாள் அவளுடைய புருஷனில்லாத வாழ்க்கையைப் பற்றி ஏதோ அசிங்கமாகச் சொல்லிவிட்டான். இனி உன் முதுகில் என் கை படாது என்று அவளும் சொல்லிவிட்டாள். ஆனால் திருப்பிப் போடாவிட்டால் மாடியே அதிரக் கத்துவான். அதற்குப் பயந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மூட்டையைப் புரட்டுவதுபோல் புரட்டிப் போட்டுவிட்டு வருவாள்.

அந்த வருஷம் மார்ச்சில் என்னை மூன்று நாள் பயிற்சிக்கு ப்ளெவென் நகரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பாடம் எடுக்க வந்த அம்மாள் முதல் நாளே எங்கள் தலையில் கல்லைப் போட்டாள். சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள், அழுத்தியும் வெளுக்கவில்லையென்றால் உள்ளே சதை ஏற்கெனவே நசுங்கியிருக்கிறது என்று அர்த்தம், அதைத் தேய்ப்பது நசுங்கியதை மேலும் நசுக்குவது என்றாள். வளையம் சுற்றிலும் இறுக்கி நடுவில் ரத்தத்தை நிறுத்துமாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள், குதிகால் மெத்தையில் படாமல் வையுங்கள், உடம்பை ஈரமில்லாமல் வையுங்கள், நன்றாகச் சாப்பிடக் கொடுங்கள். அவ்வளவுதான், தேய்ப்பே வேண்டாம் என்றாள்.

ஊர் திரும்பியதும் தலைமை நர்ஸிடம் சொன்னேன். முதலில் விரிப்பு வாங்கக் காசு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாள். வெலிகா அக்காவிடம் நான் சொல்லவே இல்லை. என் மகனுக்கு அம்மை போட்டிருந்தபோது இருபது நாள் என் டியூட்டியையும் சேர்த்துப் பார்த்தவள் அவள். இருபத்தாறு வருஷம் நீ செய்தது தப்பு என்று அவள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? என் டியூட்டியில் மட்டும் ஓசைப்படாமல் தேய்ப்பதை நிறுத்திக்கொண்டேன். இதற்குப் பெயர் மரியாதை என்று அப்போது நினைத்தேன். கோழைத்தனம் என்று இப்போது சொல்கிறேன்.

மே மாதம் நேதாவைக் கொண்டுவந்தார்கள். வெலிகா அக்காவின் கூடப்பிறந்த தங்கை. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இருவரும் பேசிப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது. அவர்கள் அம்மா கடைசி மாதங்களில் நேதா வீட்டில்தான் கிடந்தாள், முதுகெல்லாம் புண்ணாகிச் செத்தாள். அடக்கத்தன்று ஊர் கூடியிருக்க, நீதான் அம்மாவை அழுக விட்டாய் என்று வெலிகா அக்கா தங்கையைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். அன்றோடு போக்குவரத்து நின்றது.

இப்போது தங்கை ஏழாம் நம்பர் படுக்கையில். மன்னிப்புக் கேட்க அக்காவுக்கு வாய் வரவில்லை, கை வந்தது. லீவு நாளிலும் வந்து நின்றாள். தயிரில் ரொட்டியை ஊறவைத்து ஊட்டினாள். ஒரு நாளைக்கு நாலு தடவை முதுகைத் தேய்த்தாள். புரட்டிப் போட்டால் நேதா வலியில் முனகுவாள். அந்த முனகலைத் தாங்க முடியாமல் புரட்டுவதைக் குறைத்தாள், வளையத்தின் மேலேயே மல்லாக்கப் படுக்கவைத்தாள், தேய்ப்பதைக் கூட்டினாள். நேதா கண்ணை மூடிக்கொண்டு, அசைகிற இடது கையால் அக்காவின் மணிக்கட்டை லேசாகத் தட்டுவாள். முதல் தடவை தட்டிய அன்று வெலிகா அக்கா விரிப்பு அறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள். நான் பார்த்தேன்.

இரண்டாவது வாரம், அவள் இல்லாத ஒரு காலையில், நேதாவின் இடுப்பை அழுத்திப் பார்த்தேன். சிவப்பு வெளுக்கவில்லை. விரலை எடுத்து மறுபடியும் அழுத்தினேன், அப்போதும் வெளுக்கவில்லை. என் பங்குக்கு அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு, நாளைக்குச் சொல்லலாம் என்று வீட்டுக்குப் போனேன். மறுநாளும் நாளைக்கு என்றேன். அந்த முதுகின் மேல் குனிந்திருக்கும்போது வெலிகா அக்காவின் முகத்தில் இருந்த நிம்மதியைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை. நாலாம் நாள் தோல் உடைந்தது. மேலே காசளவுதான், உள்ளே கைமுஷ்டி போகும். அவள் பதறிப்போய்ப் புண்ணைச் சுற்றி இன்னும் வேகமாகத் தேய்த்தாள். அப்போதுதான் கையைப் பிடித்து விரிப்பு அறைக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

சத்தம் போடுவாள் என்று நினைத்தேன், போடவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மார்ச்சுலயே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

நேராக ஆண்கள் அறைக்குப் போனாள். இல்கோவைப் புரட்டிச் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். ரக்கியா கொண்டுவந்தாயா என்று அவன் கேட்டுக்கொண்டே கிடந்தான். இரண்டு மாதமாகக் கிடக்கிறவன், முதுகில் ஒரு சிவப்புக்கூட இல்லை. திரும்பி வந்து சுவரில் சாய்ந்து நின்றாள்.

"புடிக்காதவன் முதுகு நல்லாருக்கு, பவ்லா. அவன் கத்துனான், புரட்டிப் போட்டேன். இவளால கத்த முடியல."

அதற்குப் பிறகு நேதாவைத் தேய்க்கவில்லை. வளையத்தைத் தூக்கிப் போட்டாள். நாங்கள் இருவருமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றினோம், புண்ணைக் கழுவிக் கட்டினோம். முதல் நாள் நேதா இடது கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைத் தட்டிக் காட்டினாள், தேய்த்துவிடச் சொல்லி. வெலிகா அக்கா போர்வையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள். மறுநாளும் தட்டினாள். அதற்கு அடுத்த நாளும். நாலாம் நாள் தட்டவில்லை. அக்கா வரும் காலடி கேட்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. உங்களுக்குப் பழைய கோபம் திரும்பிவிட்டது என்று நினைக்கிறாளே, ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அவளுக்குக் காது கேட்கிறதே என்று கெஞ்சினேன்.

"என்னன்னு சொல்றது? அம்மாவ அழுக விட்டது நீதான்னு ஊருக்கு முன்னாடி அவளச் சொன்னவ நான். அம்மாவுக்கும் அவ என்னைப் பாத்துதான் தேச்சுருப்பா. கத்துக்குடுத்ததே நான்தானே." பிறகு, "ஞாயித்துக்கெழம சொல்றேன். அன்னிக்கு வார்டுல கூட்டம் இருக்காது" என்றாள்.

நாளைக்கு நாளைக்கு என்று நான் ஓட்டிய அதே வண்டியில் அவளும் ஏறிக்கொண்டாள். வியாழக்கிழமை நேதாவுக்குக் காய்ச்சல் வந்தது. புண்ணின் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார் டாக்டர். வெள்ளிக்கிழமை நினைவு தப்பியது. ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி வெலிகா அக்கா கட்டிலருகே மண்டியிட்டு எல்லாவற்றையும் சொன்னாள், அம்மாவிலிருந்து ஆரம்பித்து. சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. இடது கை அசையவே இல்லை. திங்கட்கிழமை விடிந்ததும் உயிர் போயிற்று.

கழுவி உடுத்த நாங்கள் இருவர்தான் இருந்தோம். எங்கள் வழக்கப்படி தண்ணீரில் ஒயின் கலந்து துடைத்தோம். நான் உடம்பை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டேன். முதுகு முழுவதையும் துடைத்து முடித்த பிறகும் அவள் துணியை வைக்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இப்பத் தேய்க்கலாமில்ல, பவ்லா?"

தேய்க்கலாம் அக்கா என்றேன். அந்த ஒரு பதிலையாவது தாமதிக்காமல் சொன்னேன்.