ராத்தா வீட்டுப் பூவும் எங்கள் வீட்டுப் பூவும்

எங்கள் ஊர்களில் கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டில்தான் குடியிருப்பான். நானும் அப்படித்தான். அந்த வீட்டில் எனக்கென்று இருப்பவை சில பூச்சட்டிகள்.

கல்முனையில் ஓக்கிட் பூச்செடிகள் வளர்த்து விற்கும் ஒரு டீச்சரிடம் ஒரு செடி வாங்கி, இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதி என் கூடப்பிறந்த ராத்தாவுக்கு, அக்காவுக்கு. மறுபாதியை எங்கள் மொட்டைமாடியில் வைத்தேன். அடுத்த வருடம் இரண்டும் பூத்தன. ராத்தா வீட்டு மாமர நிழலில் மஞ்சளில் சிவப்புப் புள்ளி போட்ட பூக்கள், ஒரு கொத்து நிறைய. எங்கள் மாடியிலோ பச்சையாக மூன்றே மூன்று, கவிழ்த்த தொப்பிகளைப் போல.

ராத்தா வீட்டுக்குப் போய்வந்த மனைவி நேரே மாடிக்கு ஏறினாள்.

"இஞ்ச பாருங்க, மதினிக்கு வடிவான சாதி, எனக்குத் தொப்பியா?"

"ரெண்டும் ஒரே செடிதான்."

"ஓம், எனக்குத்தான் கண் தெரியாது. உங்கட ராத்தாக்குக் குடுங்க, வேணாங்கல்ல. ஒளிச்சுக் குடுக்காதீங்க."

இரண்டு பூக்களையும் டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"தம்பி, இது ஆண் பூ, இது பெண் பூ. நல்ல வெயில்ல நிண்டா இந்தச் சாதி பெண்ணாப் பூக்கும், நிழல்ல நிண்டா ஆணா" என்றார்.

ஆண் பூ, பெண் பூ என்று இதை வீட்டில் சொல்ல எனக்குக் கூச்சம். டீச்சருக்குப் போன் எடுத்து மனைவியின் கையில் கொடுத்தேன். அவள் நெடுநேரம் கதைத்துவிட்டு, "டீச்சருக்கும் சொல்லிக் குடுத்திட்டீங்களாக்கும்" என்றாள். பிறகு அவளே சட்டியைத் தூக்கிவந்து கொய்யா மரத்தின் கீழ் வைத்தாள்.

அந்த வருடம் முழுக்க ராத்தா வீட்டுக்கு வெறுங்கையோடுதான் போய்வந்தேன். ஒரு கொய்யாப்பழம் எடுத்துப்போகவும் மனம் வரவில்லை. ஒளித்துக் கொடுப்பவன் என்ற சொல் கையைப் பிடித்தது. ஒரே செடி நிற்கும் இடத்தால் வேறாகிப் போவதை அப்போது அடிக்கடி யோசித்தேன். நான் பிறந்து வளர்ந்த உம்மா வீட்டில் இவ்வளவு பயந்தவனாக இருந்ததில்லை.

மறுவருடம் மொட்டு விரிந்தது. மஞ்சள், சிவப்புப் புள்ளி. மனைவி குனிந்து பார்த்தாள். ராத்தாவுக்குப் போன் எடுத்தாள்.

"மதினி, இந்த மனுசன் பொய் சொல்லல்ல."

ராத்தாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன பொய் புள்ள?" என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்பது எனக்கே கேட்டது.