எட்டுச் சொட்டில் ஒரு பாதம்

நீலம் நிற்க வேண்டும். அந்த நாட்களில் என் வேண்டுதல் அவ்வளவுதான். சோதனைக் குழாயில் நீல நிற பெனடிக்ட் கரைசலை ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டுவேன். நீலம் மாறாமல் இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம் இருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிக் கடைசியில் செங்கல் நிறம் வந்துவிட்டால் சர்க்கரை எக்கச்சக்கம். கொதிக்கிற அந்த இரண்டு நிமிடமும் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பது போலத்தான் நிற்பேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஜவ்வாது மலையில் ஒரு சின்ன மருத்துவமனையில் நர்ஸாக இருந்தேன். ஊர் கண்ணமங்கலம் பக்கம். வயது இருபத்து மூன்று, வாய் மட்டும் நாற்பது. டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் ஒடுகத்தூர் வழியாக ஜீப்பில் வருவார். மற்ற நாட்களில் ஊசி, கட்டு, அதட்டல் எல்லாம் நான்தான். குளிர்சாதனப் பெட்டி கிடையாது. இன்சுலின் பாட்டிலை ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் புதைத்து வைத்திருப்பேன்.

அந்த இன்சுலின் ஒரே ஒருவருக்காக வந்தது. அவர் பாறையில் கயிறு கட்டி இறங்கித் தேன் எடுப்பவர். நாற்பது வயது இருக்கும். முள் குத்திய வலது பாதம் அழுகத் தொடங்கிய பிறகுதான் அவருக்குச் சர்க்கரை நோய் என்றே தெரிந்தது. புண்ணோடு நடக்கக் கூடாது என்பதால் தினமும் காலையில் நான் அவர் வீட்டுக்கு நடந்து போவேன். கொதிக்க வைத்த கண்ணாடி ஊசியில் மருந்து போட்டு, கட்டு மாற்றி, அவர் மனைவி நான் கொடுத்த பாட்டிலில் பிடித்து வைத்திருக்கும் சிறுநீரை வாங்கி வந்து சோதிப்பேன்.

முதல் மூன்று வாரம் அருமையாகப் போயிற்று. செங்கல் ஆரஞ்சாயிற்று, மஞ்சளாயிற்று, பச்சைக்கு வந்தது. பச்சை வந்த அன்று மருத்துவமனை ஆயாம்மாவைக் கூப்பிட்டுக் குழாயைக் காட்டிக் குதித்தேன். திடீரென்று ஒரு நாள் மறுபடியும் செங்கல். அடுத்த நாளும் செங்கல். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. திருட்டுத்தனமாகத் தின்கிறார், வீடு முழுக்கத் தேன் இருக்கும்போது நாக்கு சும்மா இருக்குமா என்று முடிவே கட்டிவிட்டேன். போய் நின்றதும் திட்டத் தொடங்கி, கட்டுப் போட்டு முடிக்கும்வரை திட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதுவே ஒப்புக்கொண்டதாக எனக்குப் பட்டது.

டாக்டர் வந்தார், மருந்தின் அளவைக் கூட்டினார். அடுத்த வாரம் வரும்போதும் சர்க்கரை இறங்கவில்லை என்றால் ஜீப்பிலேயே ஏற்றிப்போய்ப் பாதத்தை எடுத்துவிட வேண்டியதுதான், விட்டால் அழுகல் முழங்கால்வரை ஏறும் என்றார். பாறையில் இறங்குகிறவருக்குப் பாதம் போனால் என்ன மிச்சம்?

அந்த வாரம் முழுக்கச் செங்கல். டாக்டர் வரவேண்டிய நாள் காலையில் அழாக்குறையாகத்தான் நடந்தேன். அவர் வீட்டில் நுழைந்தால் ஆள் வியர்வையில் நனைந்து கிடக்கிறார். கை வெடவெடவென்று நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சர்க்கரை ஏறினவரின் கோலமே இல்லை அது, அடியோடு இறங்கினவரின் கோலம்!

சர்க்கரை கொண்டுவரச் சொல்லிக் கத்தினேன்.

“சக்கர இல்லீங்க, தேன்தான் கீது” என்று அவர் மனைவி அடியில் கொஞ்சம் தேன் மிச்சமிருந்த ஒரு பாட்டிலோடு ஓடிவந்தார்.

விரலில் தொட்டுத் தொட்டு அவர் கன்னத்துக்குள் தடவினேன். விழுங்க ஆரம்பித்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, “இன்னா ஆச்சி?” என்றார். 

அப்போது அந்த அக்கா காலியான பாட்டிலைக் கவிழ்த்து வடித்து, துணியால் வாயைத் துடைத்து, கூடை ஓரம் வைத்தார். எதற்கு என்றேன்.

“நாளைக்கி உங்களுக்கு மூத்தரம் புடிக்கத்தாங்க. நீங்க குடுத்த பாட்டிலு ஒடஞ்சதுலேர்ந்து தெனம் ஒரு தேன் பாட்டிலுதான். சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல.”

கழுவவில்லையா என்று கேட்டேன்.

“தேன் பாட்டில்ல தண்ணி பட்டா அடுத்த தேன் புளிச்சிப்பூடுங்க. நாங்க எப்பவுமே தொடைக்கறதுதான்.”

பாட்டில் மாறியதை நான் கவனித்துத்தான் இருந்தேன். பார்க்கப் பளபளவென்று இருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தது பாட்டிலைத்தான், ஒட்டியிருந்த தேனை இல்லை. சொம்பை வெந்நீரில் மூன்று முறை கழுவி, அவரைச் சிறுநீர் கழிக்கச் சொல்லி வாங்கி, இன்னொரு கையில் அந்தத் தேன் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். சொம்பின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் ஓடிய என்னைச் சாமை அறுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்!

மருத்துவமனை வாசலில் ஜீப் வந்து நின்றிருந்தது. மூச்சு வாங்க விளக்கை ஏற்றினேன். சொம்பிலிருந்து எட்டுச் சொட்டு. கொதித்தது. நீலம் நீலமாகவே நின்றது. டாக்டர் நம்பவில்லை, ஒரு நாள் முடிவை வைத்துச் சொல்ல முடியாது என்றார். தேன் பாட்டிலில் வெறும் குடிதண்ணீரை ஊற்றிக் குலுக்கி, அதில் எட்டுச் சொட்டு எடுத்து இன்னொரு குழாயில் விட்டேன். பொங்கிக்கொண்டு வந்தது பாருங்கள், அச்சு அசல் செங்கல் நிறம்!

டாக்டர் இரண்டு குழாய்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்துவிட்டார். பாதத்தில் கை வைக்க வேண்டாம் என்றார், மருந்தைப் பழைய அளவுக்கே குறைத்தார். புண் முழுக்க மூட அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஆயிற்று. மூடிவிட்டது.

அன்று சாயங்காலமே போய்ச் சொன்னேன். கால் பிழைத்தது என்று கேட்டதும் அந்த அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அவர் கணவர் எதிரே உட்கார்ந்து, அநியாயமாகத் திட்டிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணா என்றேன். அவர் கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

“அப்ப இன்னிக்கி ராவுக்குக் களி தின்னலாங்களா, நர்சம்மா? நீங்க திட்ட ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ராவுல நான் ஒண்ணும் தின்றதில்ல.”

காலையில் அவரைச் சாய்த்ததில் கூடின மருந்துக்குப் பாதி, என் வாய்க்குப் பாதி.  எழுந்து போய்க் களிக்கு உலை வைத்தேன்.