டாங்கோவில் யாரும் கதவைத் தட்டுவதில்லை

போன ஞாயிற்றுக்கிழமை காலை, என் வீட்டு மாடியிலிருந்து ஒரே பாட்டு ஒன்பது முறை கேட்டது. தமிழ் இல்லை. ஹிந்தியும் இல்லை. ஆர்மோனியத்தை இழுத்துப் பிடித்து அழவைத்தது போல ஒரு வாத்தியம். பத்தாவது முறைக்கு விடக் கூடாது என்று படியேறினேன். பதினேழு படி.

மாடியில் குடியிருப்பவர் கண்ணியப்பன். பென்னலூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அங்கே மெஷின் பொருத்த வந்த அர்ஜென்டினாக்கார இன்ஜினியர், ஊர் திரும்பும்போது ஒரு கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். டாங்கோ பாட்டுகள். கூடவே ஆங்கிலத்தில் அர்த்தம் டைப் அடித்த காகிதங்கள்.

"இன்னா சார் சொல்றான் இவன்? கேட்டா நெஞ்சை அடைக்குது. கொஞ்சம் பட்ச்சு சொல்லுங்க."

படித்தேன். மொத்தம் பன்னிரண்டு பாட்டு. ஒன்பதில் பெண் விட்டுப் போய்விட்டாள். ஏழில் தெருவிளக்கு. ஐந்தில் மழை. விளக்கென்றால் வெறும் விளக்கா? அதன் கீழேதான் அவளைக் கடைசியாகப் பார்த்திருப்பான். விளக்கு அப்படியே எரிகிறது – இவனுக்குத்தான் வயதாகிவிட்டது. பழைய தெருமுனை என்றால், திரும்பக் கிடைக்காத இளமை. ஐரோப்பாவிலிருந்து அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறி வந்து, விட்டுவந்த ஊரை மறுபடி பார்க்காமலே போனவர்கள் வளர்த்த பாட்டு இது. அவர்கள் ஏங்கியதில் நியாயம் இருந்தது.

"நம்ம கதையும் அதான் சார்" என்று மூக்கை உறிஞ்சினார் கண்ணியப்பன்.

அவர் மனைவி சரோஜா கோபித்துக்கொண்டு, சிங்கப்பெருமாள் கோவிலில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய் இருபத்து மூன்று நாள். அவள் தங்கையின் நிச்சயதார்த்தத்தன்று இவர் ஓ.டி. பார்க்கப் போய்விட்டார். புருஷன் நேரில் வந்து அழைத்தால்தான் வருவாள், அதுதான் முறை. இவர் என்ன செய்தார் தெரியுமோ? அந்தப் பக்கம் போகிற கம்பெனி வேன் டிரைவரிடம் 'வரச் சொல்லு' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்!

"அதே டிரைவர்கிட்ட பதில் அனுப்பிச்சிகீறா சார். நாளைக்கு அவ துணிப் பொட்டியக் குடுத்து அனுப்பணுமாம்..."

பெட்டி போய்விட்டால் அப்புறம் திரும்பி வருமா?

"கண்ணியப்பா, அந்த ஆளுங்களுக்கு நடுவுல கடல் இருந்தது. உனக்கும் சரோஜாவுக்கும் நடுவுல இருக்கிறது ஒரகடம் ஒண்ணுதான், ஒரு பஸ் தூரம்! பெட்டி போறதுக்குள்ள நீ போ."

"மானம் பூடும் சார். மச்சான் சிரிப்பான்."

"சிரிக்கட்டுமே. பன்னிரண்டு பாட்டுலயும் பார்த்துட்டேன். ஒருத்தனாவது போய்க் கதவைத் தட்டினானா?"

அரை மணியில் சட்டை மாற்றிக்கொண்டு இறங்கினார். சாயங்காலம் இரண்டு பேராக வந்தார்கள்.

"வாசல்லயே நிக்க வெச்சி, 'இன்னிக்கு ஓ.டி. இல்லியா?'ன்றா சார்!"

"பின்ன? வேன்ல ஆளு வுட்டுக் கூப்ட்றதுக்கு நான் இன்னா ஸ்பேர் பார்ட்டா? நீங்களே கேளுங்க சார்" என்றாள் சரோஜா.

பஸ் ஏறியதிலிருந்து பேசிக்கொண்டே வந்தாளாம். இதை எழுதும்போதும் மாடியில் பேச்சு ஓயவில்லை.

அந்தப் பன்னிரண்டு பாட்டிலும், விட்டுப்போன பெண்ணுக்கு ஒரு வரி வசனம் கிடையாது. அவளைப் பேசவிட்டிருந்தால்... ஏங்குவதற்கு அந்த மனிதர்களுக்கு நேரம் ஏது?