டி.வி.யில் அம்மா கட்டிய புடவை

போன மாதம் அம்மாவைச் சிவப்பு நூல் புடவையில் அடக்கம் செய்தோம். பெட்டியை மூடுமுன் உறவுக்காரப் பெண் ஒருத்தி என் காதருகே வந்து, "வெள்ளை எதுவும் இல்லியா?" என்று கேட்டாள். "இதுதான்" என்றேன். அதற்குமேல் பேச அன்று தெம்பில்லை. இப்போது சொல்கிறேன்.

அம்மா பெயர் நோரா. மயிலாப்பூர் ரோசரி சர்ச் ரோடில் வீடு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் ஆபரேட்டர். யாருடைய பேச்சையோ யாருக்கோ இணைத்துவிட்டு வருவார். வீட்டில் அதிகம் பேச மாட்டார். ஆனால் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். பெரும்பாலும் 'கேட்டமரான்ஸ்' பாடும் பாட்டு.

கேட்டமரான்ஸ் என்பது சாந்தோம் பையன்கள் நால்வர் சேர்ந்த ராக் குழு. 1969 கிறிஸ்துமஸுக்குக் கோயில் மண்டபத்தில் முதல்முறை வாசித்தார்கள். மற்ற அம்மாக்கள் காதைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்கள். என் அம்மா நாற்காலியை ஸ்பீக்கருக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதன்பின் அவர்கள் எங்கே வாசித்தாலும் போனார். காலேஜ் விழா, கிளப், ஒருமுறை அழைப்பே இல்லாத ஒரு கல்யாண ரிசப்ஷன். டிரம்ஸ் அடிக்கும் பையன் எந்த இடத்தில் அவசரப்படுவான் என்று அவனைவிட அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அந்த இடம் வருமுன் கண்ணை மூடிக்கொள்வார்.

அப்பா ஹென்றி துறைமுகத்தில் ஸ்டோர்கீப்பர். இசைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கூடப் போய், வரிசையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். ஒவ்வொரு பாட்டும் ஓய்ந்ததும் தலையை நிமிர்த்தி, "முடிஞ்சுதா?" என்பார்.

"இல்ல, இன்னும் இருக்கு."

"சரி." மறுபடி பேப்பர்.

பிடிக்காமல் ஏன் வருகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "எனக்கு எல்லாம் ஒரே சத்தம்தான். அதுல இது உங்க அம்மாவுக்குப் பிடிச்ச சத்தம்" என்றார்.

1977 பிப்ரவரியில் அப்பா மாரடைப்பில் போனார். அம்மா கறுப்பு உடுத்தினார். எங்கள் வீட்டு வழக்கம், வருஷப் பூசை வரை கறுப்பு. பூசை முடிந்த அன்று புருஷன் வீட்டார் கலர் புடவை எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர்கள் கொடுத்துத்தான் துக்கம் எடுக்க முடியும். அப்பா பக்கத்தில் மிச்சமிருந்தவர் ஆனி அத்தை மட்டும். அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாதவர், ரிடையரான டீச்சர், எங்களுடனே இருந்தார். தம்பியைத் தூக்கி வளர்த்தவர்.

வீட்டில் முணுமுணுப்பு நின்றுபோனது. எக்ஸ்சேஞ்சுக்குப் போவார், வருவார், சமைப்பார். அவ்வளவுதான்.

அக்டோபரில் ஒருநாள் கேட்டமரான்ஸில் பேஸ் கிட்டார் வாசிக்கும் இக்னேஷியஸ் வந்தான். கையில் இரண்டு பாஸ்.

"ஆன்ட்டி, சனிக்கிழமை சாயங்காலம் டி.வி.ல வாசிக்கிறோம். லைவ். முன்வரிசைல நீங்க இருக்கணும். உங்களைப் பார்த்தாத்தான் எங்களுக்கு வாசிக்க வரும்."

உள்ளேயிருந்து அத்தை குரல் வந்தது. "வீட்டுல சாவு விழுந்து இன்னும் வருஷம் திரும்பல. பேண்டு வாத்தியத்துக்குக் கூப்பிட வந்துட்டான்."

"பேண்டு வாத்தியம் இல்ல ஆன்ட்டி, கிட்டாரு."

"ரெண்டுக்கும் காதுதானே வலிக்குது?"

அம்மா பாஸை வாங்கிக்கொண்டார். "கறுப்பு கட்டிக்கிட்டே போறேன் அண்ணி" என்றார்.

அத்தை வாசலுக்கே வந்துவிட்டார். அம்மா முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். "கறுப்புன்னா போ. மாடி வீட்டுப் பங்கஜம் டி.வி.ல நானும் பார்ப்பேன். இந்தத் தெருவே பார்க்கும். நினைவு வச்சிக்க."

நான் அப்போது பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் இடத்தில் துணைக்கு நான் போனேன்.

ஸ்டூடியோ வாசலில் சிதம்பரநாதன் என்பவர் நின்றிருந்தார். தளத்தில் யார் எங்கே என்பதைப் பார்த்துக்கொள்பவர். வெள்ளை விளக்கில் கூசும் என்று வெள்ளைச் சட்டைப் பையன்கள் நாலைந்து பேரை ஏற்கெனவே ஓரங்கட்டியிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் தலையசைத்தார்.

"மேடம், முன்வரிசைல கறுப்பு வேண்டாம். பின்னாடி இருட்டுத் திரை. புடவை அதுல அமிழ்ந்துபோய் முகம் மட்டும் தனியா மிதக்கும்."

"என் வீட்டுக்காரர் தவறிட்டார். இன்னும் வருஷம் ஆகல."

அவர் குரல் இறங்கியது. "தெரியாம சொல்லிட்டேன், மன்னிச்சிருங்க. வேணும்னா கடைசில, லைட் படாத இடத்துல ஒரு நாற்காலி போடச் சொல்றேன். ஆனா அங்கேருந்து கேமராமேன் முதுகுதான் தெரியும்."

அந்த வழியாகத் துணி மூட்டையோடு போன ஒரு பெண் நின்றாள். நாடகக்காரர்களுக்கு உடை எடுத்துக் கொடுப்பவள். பெயர் அமீனா பீ என்று பிறகு தெரிந்தது.

"இன்னாம்மா, இம்மாந்தூரம் வந்துட்டு முதுகைப் பார்த்துகினு போவியா? என்னாண்ட புடவை கீது, வா."

உள்ளே அவளிடம் மூன்றே புடவைகள். ஒன்று வெள்ளை, ஆகாது. ஒன்று முழுக்கச் சரிகை, அதுவும் ஆகாது. மூன்றாவது சிவப்பு நூல் புடவை.

அம்மா அதைத் தொடவில்லை.

"எனக்கும் ஆம்பள போயிட்டான்" என்றாள் அமீனா பீ. "எங்கள்ல துக்கக் கணக்கு சீக்கிரம் முடியும். உங்கள்ல நீளம் போல. உன் இஷ்டம்மா, நா ஒண்ணும் சொல்லல."

அம்மா என்னைப் பார்த்தார். "அத்தை பார்ப்பாங்க."

"ஆமாம்."

"அப்பா இருந்தா என்ன சொல்வார்?"

யோசித்துப் பார்த்தேன். "'முடிஞ்சுதா?'ன்னு கேட்பார்."

அம்மா சிரித்துவிட்டார். பிப்ரவரிக்குப் பிறகு அன்றுதான் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். பிறகு சிவப்பை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார்.

முன்வரிசையில் உட்கார்ந்தோம். கழற்றிய கறுப்புப் புடவையைச் சதுரமாக மடித்துப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். விளக்குகளின் சூடு முகத்தில் அடித்தது. சிதம்பரநாதன் கையை இறக்கினார், கேட்டமரான்ஸ் தொடங்கினார்கள்.

மூன்று பாட்டு. டிரம்ஸ் பையன் வழக்கமான இடத்தில் அவசரப்பட்டான். அம்மா அதற்குமுன்பே கண்ணை மூடிக்கொண்டார். மடியிலிருந்த பையின்மேல் விரல்கள் தாளம் போட்டன. இக்னேஷியஸ் ஒருமுறை அம்மாவைப் பார்த்தான். புடவையைப் பார்த்து ஒரு சுரம் தப்பியிருப்பான் என்று நினைக்கிறேன்.

எங்களுக்கு எதிரே ஒரு மானிட்டர் இருந்தது. கேமரா எங்கள் பக்கம் திரும்பியபோது அதில் அம்மாவைப் பார்த்தேன். அப்போது டி.வி. கறுப்பு வெள்ளைதான். அந்தக் கேமராவுக்குள் படம் பிடிக்கும் குழாய்க்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, கறுத்துக் காட்டும். திரைக்குள் அமிழும் அளவுக்கு இல்லை, ஆனால் வீட்டிலிருந்து பார்ப்பவருக்குக் கறுப்புதான். மானிட்டரில் இருந்தவர் அப்பாவுக்குத் துக்கம் காக்கும் பெண். என் தோளில் தோள் உரச இருந்தவர் சிவப்பு.

கடைசிப் பாட்டு ஓய்ந்தது. கைதட்டச் சொன்னார்கள், தட்டினோம். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அம்மா வரிசையின் கடைசி நாற்காலிப் பக்கம் திரும்பி, மெதுவாக, "முடிஞ்சுது" என்றார். அதில் யாரோ ஒரு காலேஜ் பையன் உட்கார்ந்திருந்தான். "ஆமா ஆன்ட்டி" என்றான்.

மறுபடி கறுப்பைக் கட்டிக்கொண்டு, சிவப்பை அமீனா பீயிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். பஸ்ஸில் மானிட்டர் விஷயத்தைச் சொன்னேன். "கறுப்பாத்தான் தெரிஞ்சிருக்கும்மா. அத்தைக்குத் தெரியவே தெரியாது." அம்மா ஜன்னல் வழியே கடற்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசலில் அத்தையும் பங்கஜம் அம்மாவும் அக்கம்பக்கத்தாரும் நின்றிருந்தார்கள். அத்தை முகம் மலர்ந்திருந்தது.

"நோரா! பளிச்சுனு தெரிஞ்சே. நான் இவங்ககிட்ட அப்பவே சொன்னேன், பாருங்க, எங்க வீட்டுப் பொண்ணு டி.வி.க்குப் போனாலும் கறுப்பை விடலன்னு."

"அண்ணி, கொஞ்சம் உள்ள வாங்க" என்றார் அம்மா.

சமையலறையில் வைத்துச் சொன்னார். "நான் கட்டியிருந்தது கறுப்பு இல்ல அண்ணி. சிவப்பு. அங்க கறுப்புக்கு இடமில்லன்னாங்க. பின்னாடி உட்கார்ந்திருக்கலாம். நான்தான் உட்காரல."

"நான் கண்ணால பார்த்தேனே."

"டி.வி.ல அப்படித்தான் தெரியும். கட்டினது சிவப்பு."

அத்தை வாசல் பக்கம் கையைக் காட்டினார். "அத்தனை பேர்கிட்ட உன்னைப் பத்திப் பெருமையாப் பேசிட்டு வந்து நிக்கிறேன்டி."

"கேட்டேன். அதனாலதான் சொல்றேன். உங்ககிட்ட மறைச்சு வச்சிக்கிட்டு இந்தக் கறுப்பைக் கட்ட என்னால முடியாது."

"அப்ப வருஷப் பூசைக்கு என் கையால கலர் புடவை எதிர்பார்க்காதே."

"சரி அண்ணி."

அத்தை வெளியே போய்ப் பங்கஜம் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. அம்மாவிடமும் பேசவில்லை. சாம்பாருக்கு உப்புப் போதவில்லை என்பதைக்கூட எனக்குச் சொல்லி நான் அம்மாவுக்குச் சொன்னேன். மழைக்காலம் முழுக்க அப்படியே போனது. கிறிஸ்துமஸுக்கு நாங்கள் கேக் செய்யவில்லை. ஆனால் சமையலறையில் முணுமுணுப்பு திரும்ப வந்திருந்தது. ஒருநாள் அத்தை கதவுக்கு வெளியே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், ஏதோ தேட வந்தவர்போல நகர்ந்துவிட்டார்.

பிப்ரவரியில் வருஷப் பூசை. கோயிலிலிருந்து திரும்பினோம். கறுப்பை எடுக்க வழியில்லை என்று அம்மாவுக்குத் தெரியும். கறுப்போடேயே காபி போட உள்ளே போனார். அத்தை தன் அறையிலிருந்து தி. நகர் கடைப் பொட்டலம் ஒன்றை எடுத்துவந்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா பிரித்தார். சிவப்பு நூல் புடவை.

அம்மா அதை விரித்துப் பார்த்தார்.

"அங்க இருந்தவங்க எல்லாரும் சிவப்பைப் பார்த்தாங்க, நான் மட்டும் பார்க்கல" என்றார் அத்தை. "போய்க் கட்டிக்கிட்டு வா. நேர்ல எப்படி இருக்குன்னு பார்க்கிறேன்."

அத்தை போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அம்மா அந்தப் புடவையைக் கிறிஸ்துமஸுக்கும் அப்பா நினைவு நாளுக்கும் மட்டும் கட்டுவார். போன மாதம் கடைசியாக அதைக் கட்டிவிட்டபோது ஓரம் நைந்திருந்தது. சிவப்பு அப்படியே இருந்தது.