அக்கா எழுதியதை நான் படித்த விதம்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது என் அக்காவின் படிப்பை ஒரே ஒரு பொய்யில் முடித்து வைத்தேன். யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அன்று சாயங்காலம் நைனா, எங்கள் அப்பா, எனக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தார்.

அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. ஆறு வயதில் அவளைத் திருப்பதியில், காது கேளாத பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளியில் சேர்த்தார்கள். லீவுக்குத்தான் எங்கள் ஊர் பாலசமுத்திரத்துக்கு வருவாள். கை நிறையப் பேச்சோடு வருவாள். அங்கே ஒவ்வொருவருக்கும் கையால் ஒரு பெயர் உண்டாம். முன்பல் இடைவெளியைத் தொட்டுக் காட்டினால் அது நான். அதையெல்லாம் உட்கார்ந்து கற்றுக்கொண்டவள் நான் மட்டும்தான். அம்மாவுக்கு வா, சாப்பிடு, குளி என்ற மூன்று சைகையே போதுமானதாக இருந்தது. மற்றவர்கள் அவளைக் கூப்பிட முதுகில் சின்னக் கல்லை எறிவார்கள். நானும் எறிந்திருக்கிறேன்.

ஏழாவது முடித்துக் கோடை லீவுக்கு வந்த வருடம் அவள் வயசுக்கு வந்தாள். சித்தப்பா உடனே ஆரம்பித்துவிட்டார்.

"வாயில்லாத பொண்ணு. அங்க இன்னா ஆனாலும் வந்து சொல்லுமா? படிச்சது போதும், நிறுத்திடுண்ணா."

நைனா நியாயஸ்தர். அவர் கொஞ்சம் அநியாயக்காரராக இருந்திருந்தால் இவ்வளவு கெட்டிருக்காது.

"படிக்கப் போறவ அவ. அவளையே கேட்டுடலாம்" என்றார். என்னைக் கூப்பிட்டு, "கையில காட்டறது எனக்கு வெளங்காது. எழுதித் தரச் சொல்லு. எழுத்துல இருந்தா மாறாது பாரு" என்றார்.

எங்கள் ஊர் மாநில எல்லையோரம்; வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. நைனா தெலுங்கில் சந்தையில் சண்டையே போடுவார், ஆனால் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. அவர் படித்தது எல்லைக்கு அந்தப்பக்கம், அஞ்சாவது வரை தமிழ். அம்மா பள்ளிக்கூடமே போனதில்லை. அக்காவுக்கோ எழுத வந்ததெல்லாம் தெலுங்குதான். வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்த ஒரே மேதாவி, நாலாவது போகப்போகிற நான்.

அக்கா நோட்டைத் தொடைமேல் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். போகிறேன், பத்தாவது வரை படிக்கிறேன், எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு டீச்சர் ஆவேன், நைனாவிடம் நல்லபடியாகச் சொல். அவ்வளவுதான் இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அந்த லீவு முழுக்க ஹாஸ்டல் தோழிகளைப் பற்றியேதான் அவள் பேசிக்கொண்டிருந்தாள். அவர்களெல்லாம் யாரடி உனக்கு, கூடப் பிறந்தவள் நானல்லவா?

நோட்டைப் பார்த்தபடி, வாய் கூசாமல் படித்தேன். "எனக்கு ஹாஸ்டல் வேணாம் நைனா, அங்க அடிக்கிறாங்க. அப்படின்னு எழுதிக்கீறா."

நைனாவுக்கு முகம் செத்துவிட்டது. "அடிக்கிறாங்களா? இத்தினி வருசமா தெரியாம போச்சே" என்று அக்காவின் தலையைத் தடவினார். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள். பாவி நான், நானும் கட்டிக்கொண்டேன்.

பள்ளி திறக்கிற அன்று விடியும் முன்பே குளித்து, யூனிஃபார்ம் போட்டு வாசலில் நின்றாள். நைனா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். இனி தப்பிக்க முடியாது என்று, அக்காவிடம் போய்க் கையால் சொன்னேன்: நைனா வேண்டாம் என்றுவிட்டார்.

அவள் நைனாவையே பார்த்துக்கொண்டு அழுதாள். அவருக்கு அது வேறு மாதிரி புரிந்தது.

"எப்படிப் பயந்து கெடக்குது பாரு. பஸ் வர்ற நேரம்னாலே அழுவுது" என்று அம்மாவிடம் சொன்னார்.

பத்து நாள் கழித்து அவளுடைய வாத்தியார் புத்தூரில் பஸ் மாறி எங்கள் ஊருக்கு வந்தார். அக்கா கரும்புத் தோட்டத்தில் இருந்தாள். நன்றாகப் படிக்கிற பெண், வீணாக்காதீர்கள் என்று கெஞ்சினார். பிள்ளையை அடிக்கிறவனுக்குப் பேச்சு வேறா என்று நைனா எகிறினார். பெண்ணை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறேன் என்றதற்கும் விடவில்லை. கண் கலங்கித் திரும்பிய அவர் ஒரு நாளும் யாரையும் அடித்தவர் இல்லை.

அதன் பிறகு அக்கா நைனாவின் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள். மகளைக் காப்பாற்றினோம் என்ற நினைப்பிலேயே அவர் செத்துப்போனார். நடுவில் எத்தனையோ நாள் சொல்லியிருக்கலாம், நாக்கு எழவில்லை. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

எனக்கோ அவள் படிப்பு நின்ற அந்த நாட்களில் ஒரே குஷி. அக்கா எனக்கே எனக்கு என்று ஆகிவிட்டாள். எட்டு வருடம் கழித்துத் திருப்பதியில் எனக்குக் காலேஜ் சீட் கிடைத்தது, ஹாஸ்டலும் கிடைத்தது. அக்காதான் தலை பின்னி விட்டாள். நானும் ஒருநாள் பஸ் ஏறிப் போவேன், அதற்கப்புறம் அந்த வீட்டில் அவளோடு பேச ஆளே இருக்காது என்பது அந்த ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.