பச்சை மேசையில் உரோமாபுரி

ஆவணி பிறக்கும்போது நான் ஒன்றில் பிராண்டே ஊரில் பின்னலாடைத் தொழிற்சாலையில் நிற்பேன், இல்லையென்றால் ஓகூஸ் நகரத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் இருப்பேன். எது என்பதை உரோமாபுரி தீர்மானிக்க வேண்டியிருந்தது.

மன்னாரில் நீர்ப்பாசன அலுவலகத்தில் நான் படவரைஞராக இருந்தவள். வாய்க்கால், தண்ணீர் திறக்கும் துருசு, அணைக்கட்டு எல்லாம் அளவுத்திட்டத்துக்கு வரைந்து பழகிய கை. ஓகூஸ் கல்லூரிக்காரர் என் வரைபடங்களைப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஆனால் டேனிஷ், கணிதம், சரித்திரம் மூன்றுக்கும் இந்த நாட்டுச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். முதல் இரண்டும் கிடைத்துவிட்டன. மூன்றாவது வாய்மொழிப் பரீட்சை. பல தலைப்புகளில் ஒன்றைக் குலுக்கலில் துண்டு எடுத்துத்தான் பேசவேண்டும். எனக்குப் பயமான தலைப்பு உரோமாபுரியின் எழுச்சியும் வீழ்ச்சியும்.

"வாய்க்கால் கீறுறதுக்கு றோமாபுரி என்னத்துக்கு?" என்றார் அண்ணை. அவருக்கு அந்தத் தொழிற்சாலையில்தான் வேலை. "அதோட றோம் எங்க விழுந்தது? பாப்பாண்டவர் அங்கதானே இருக்கிறார்?"

"அது வேற றோம், அண்ணை."

"என்ன வேற? ஊரில பாஸ்கா நாடகத்தில நான் றோமைச் சேவகனா ஈட்டியோட நிண்டனான். எனக்குத் தெரியாத றோமோ?"

அவர் கொடுமைக்காரர் இல்லை. தங்கச்சி ஓகூஸில் தனியே அறை எடுத்து இருக்கப்போகிறாள் என்பது அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள். அங்கே வேலை மேற்பார்க்கும் போர்மனிடம் எனக்காக ஓரிடம் சொல்லிவைத்திருந்தார். பரீட்சை சரிவராவிட்டால் அடுத்த திங்கட்கிழமையே வேலை. சரிவந்தால் மறிக்கமாட்டேன் என்று தன் மனைவி, என் மச்சாளுக்கு முன்னால் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆனி மாதம். இந்த நாட்டில் இரவிலும் வெளிச்சம் போவதே இல்லை. என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. குசினியைச் சுற்றிச் சுற்றி நடந்து வீழ்ச்சியின் காரணங்களை இலக்கமிட்டுப் பாடமாக்கினேன். ஒன்று, நீண்ட எல்லையில் அந்நியர் படையெடுப்பு. இரண்டு, படைத்தளபதிகளின் பதவிச் சண்டை. மூன்று, பணவீக்கம்.

"பணவீக்கமோ?" என்றாள் மச்சாள், வயிற்றில் பிள்ளையோடு கதிரையில் சாய்ந்தபடி. "எனக்குக் கால்வீக்கம். அதையும் நாலாவதாப் போடு."

சரித்திர ஆசிரியை முன்பே சொல்லியிருந்தார்: காரணங்களை மனனம் செய்யாதே, யோசி. நான் ஓம் என்று தலையாட்டிவிட்டு மனனம் செய்தேன். எங்கள் ஊரில் எழுதாமல் விட்ட ஒவ்வொரு காரணத்துக்கும் புள்ளி போகும். அந்தப் பயம் எனக்கு எலும்பில் ஊறியது.

உண்மையில் என்னை அலைக்கழித்தது வேறொன்று. புத்தகத்தில் வீழ்ச்சி ஒரு அத்தியாயம். அங்கே இருந்தவருக்கு அது எந்தக் காலையில் தெரிந்தது? பாண் சுட்டிருப்பார்கள், பிள்ளைக்குத் தலை வாரியிருப்பார்கள். இதைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. தேடித் தேடிப் பக்கங்களைப் புரட்டினேன். பிறகு நேரத்தை வீணாக்குகிறேன் என்று திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

பரீட்சை நாளன்று பக்கத்து நகரத்துப் பாடசாலைக்கு அண்ணை அரைநாள் லீவு எடுத்துக் காரில் கொண்டுபோனார். கீழே தரிப்பிடத்தில் அவர் நிற்க, நான் மேலே போய்த் துண்டை எடுத்தேன். உரோமாபுரி.

மேசைக்குப் பச்சைத் துணி விரித்திருந்தார்கள். இங்கே பரீட்சை மேசைக்கு அது வழக்கம். ஒரு பக்கம் ஆசிரியை. அவருக்குப் பக்கத்தில் வேறு ஊரிலிருந்து வந்த பரீட்சகர், பற்றவைக்காத பைப்பைக் கையில் உருட்டிக்கொண்டிருந்த பெரியவர். எனக்குக் கை தந்து, கோப்பியும் ஊற்றித் தந்தார். பரீட்சகர் ஊற்றிய கோப்பியைக் குடிப்பதா விடுவதா என்று தெரியாமல் கோப்பையைக் கொஞ்சம் தள்ளிவைத்தேன்.

எழுச்சி நன்றாகப் போனது. வீதிகள், சட்டம், வென்ற ஊர்க்காரருக்கும் குடியுரிமை. வீழ்ச்சிக்கு வந்தேன். இலக்கங்கள் வரிசையாக வந்தன. பெரியவர் பைப்பை உயர்த்தினார்.

"நல்லது. இவற்றில் எது பெரியது என்று நினைக்கிறாய்?"

"எல்லாம் சமம்."

ஆசிரியை கண்ணை மூடித் திறந்தார்.

"சரி," என்றார் பெரியவர். "அப்படியென்றால் ஒன்றை வெட்டு. எதை வெட்டுவாய்?"

பாடமாக்கியதில் இதற்குப் பதில் இல்லை. "படையெடுப்பை வெட்டுவேன்," என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே கேட்டது.

அவர் முன்னால் சாய்ந்தார். எனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொன்னேன். உரோமர் மலையிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாயில் சுண்ணாம்பு படியும். யாராவது இறங்கிச் சுரண்டவேண்டும். அந்த ஆள் போவது நின்றால் படமும் சரியாக இருக்கும், அலுவலக முத்திரையும் சரியாக இருக்கும், தண்ணீர் மட்டும் வராது. எங்கள் அலுவலகத்திலும் கடைசி வருஷம் அப்படித்தான். எழுதுவினைஞர் நேரத்துக்கு வந்தார்கள், தேநீர் வந்தது. வெளிக்களத்துக்கு ஒருவரும் போகமுடியாத ஒரு வாய்க்காலை நான் கூர்ப்பென்சிலால் வரைந்துகொண்டிருந்தேன்.

"ஏன் போகமுடியவில்லை?"

"பாதை சரியில்லை."

"பாதையில் என்ன?"

"ஆயுதத்தோடு ஆட்கள்."

பெரியவர் சிரித்தார். "பார், நீ வெட்டிய காரணம் திரும்பி வந்துவிட்டது!"

"இல்லை," என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "அவர்கள் வருமுன்பே வாய்க்கால் வேலையாட்களைக் குறைத்துவிட்டார்கள். முதலில் தூர்ந்தது வாய்க்கால். பிறகுதான் பாதை."

"அது உன் ஊர். உரோமாபுரியிலும் அதே ஒழுங்குதான் என்று எப்படித் தெரியும்?"

"தெரியாது. ஆனால் நீங்கள் சொல்வதும் பிழை," என்றேன். ஆசிரியை மணிக்கூட்டைப் பார்த்தார். நன்றி, வெளியே போகலாம் என்றார்.

நான் படியிறங்கி நேரே காருக்குப் போனேன். பரீட்சை முடிந்தால் வீட்டுக்குப் போவது, முடிவு மாதங்கள் கழித்து வருவது. எனக்குத் தெரிந்த ஒழுங்கு அதுதான். அதோடு ஒரு பரீட்சகருக்கு முகத்துக்கு நேரே பிழை என்று சொன்னவளுக்கு என்ன முடிவு வரும்? அண்ணை என் முகத்தைப் பார்த்தார். காரை எடுத்தார். இரண்டு தெரு தாண்டித்தான் மெதுவாகச் சொன்னார்:

"திங்கக்கிழமை ஆறு மணி ஷிப்ட். என்னோடயே வரலாம்."

நான் கைகளை மடியில் கோத்துக்கொண்டேன்.

"இதென்ன," என்றார் அண்ணை கண்ணாடியைப் பார்த்து. "ஆரோ ஒரு பொம்பிளை சைக்கிளில எங்களைத் துரத்திறா. பின்லைட் எரியேல்லையோ?"

சிவப்பு விளக்கில் நின்றபோது சரித்திர ஆசிரியை வந்து கண்ணாடியில் தட்டினார். மூச்சு வாங்கியது.

"எங்கே ஓடுகிறாய்? வாசலில் நிற்கவேண்டும்! நாங்கள் பேசி முடித்துக் கதவைத் திறந்தால் நீ இல்லை. கழிவறை வரைக்கும் தேடியாச்சு!"

முடிவை அங்கேயே, அதே அறையிலேயே சொல்வார்களாம். அந்த ஊருக்கே தெரிந்த விஷயம் என்பதால் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. ஆசிரியை சைக்கிளில் முன்னே போக, அண்ணை அவருக்குப் பின்னால் ஊர்வலம்போல் காரை ஊர்ந்து ஓட்டினார். இந்த முறை தரிப்பிடத்தில் நிற்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மாடிக்கே வந்தார்.

பச்சை மேசைக்கு முன்னால் திரும்பவும் நின்றேன். "ஒன்பது," என்றார் பெரியவர். "பாடமாக்கிய பகுதிக்கு ஆறுதான் தந்திருப்பேன். உன் காரணத்தை நான் இப்போதும் ஏற்கவில்லை. ஆனால் நீ அதை விட்டுக்கொடுக்கவில்லை." என்னைப் பாராட்டுகிறாரா, ஏசுகிறாரா என்று புரியாமல் கை கொடுத்தேன்.

வெளியே அண்ணை. "எத்தனை?"

"ஒன்பது."

"நூற்றுக்கோ?" அவர் முகம் கறுத்தது.

"பதின்மூண்டுக்கு. ஆறு எடுத்தாலே பாஸ்."

"பதின்மூண்டெண்டு ஒரு கணக்கோ? ஆர் கண்டுபிடிச்சது?"

படியிறங்கும்போது அவர் தொப்பியைத் திரும்பவும் போட்டுக்கொண்டார். எனக்குச் சந்தோஷம் வந்து உட்கார இடமில்லாமல் நெஞ்சுக்குள் அங்குமிங்கும் நடந்தது. ஓகூஸில் அறை, பஸ், வரைமேசை என்று வரிசைப்படுத்தப் பார்த்தேன். நடுவிலே மன்னாரில் இப்போது யார் துருசுக்குப் போய்த் தண்ணீர் மட்டம் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு வந்து குழப்பியது.

காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகும் அண்ணை திறப்பைத் திருப்பி எஞ்சினை இயக்கவில்லை.

"போர்மனுக்கு நான் சொல்லமாட்டன்," என்றார். "திங்கக்கிழமை நீயே வந்து, வரேலாதெண்டு உன்ர வாயால சொல்லு. அந்தக் கிழவனோட கத்தினனியாம், ரீச்சர் வாசலில சொன்னவ. இவனோடயும் கத்து."

"ஓம், வாறன்," என்றேன்.